பிள்ளைகளுக்குக் காயும் பழமும் பழக்குவது எப்படி: நெல்லைப் பக்கத்து இளம் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஆறு மாதம் நிறைந்து முதல் கவளம் ஊட்டத் தொடங்குகிற பெற்றோருக்காகவும், ஒன்றரை வயது வரை எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்ட பிள்ளை இரண்டு வயதில் பச்சை நிறத்தைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வதைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன். இதன் சாரம் ஒன்றுதான். என்ன சமைப்பது, எந்நேரத்தில் வைப்பது, எங்கே உட்கார்ந்து உண்பது ஆகிய மூன்றும் பெரியவர்களின் பொறுப்பு. வைத்ததில் எதை, எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் பொறுப்பு. இந்த எல்லையைப் பெரியவர்கள் தாண்டாமல் இருந்தாலே பாதிச் சண்டை இல்லாமல் போகும். மீதிப் பாதிக்கு நம் ஊர்ச் சமையலே துணை நிற்கும்.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 2 முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 250 கிராமும், 6 முதல் 9 வயது வரை 350 கிராமும் வேண்டும். காலையில் ஒரு நாட்டு வாழைப்பழம், மதியம் சோற்றோடு இரண்டு கரண்டிக் காய், மாலையில் இரண்டு கீற்றுப் பப்பாளி, இரவில் இட்லிக்கு ஊற்றும் சாம்பாரில் கிடக்கும் காய் என்று கூட்டிப் பார்த்தால் இந்த அளவு எட்டாத உயரத்தில் இல்லை என்பது விளங்கும். ஒரே வேளையில் இதை நிரப்ப முயல்வதுதான் தவறாகப் போகிறது. தட்டில் முதலில் வைப்பதற்கு, வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்; இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு கரண்டிக்கு மேல் வைத்தால் அந்தக் குவியலே அதை மிரட்டிவிடும்.

முதல் படி: ஆறாம் மாதத்தில் தொடங்குவது

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன் பிறகு தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே, நாளைக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி என்று மசித்த உணவைத் தொடங்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அரிசியும் பருப்பும் குழைத்த சோற்றோடு தொடங்குகிறோம், அது நல்லதுதான். அதே வாரங்களில் வேகவைத்து மசித்த சர்க்கரைப் பூசணி, கேரட், சீனிக்கிழங்கு, ஆவியில் அவித்து நடுவிலுள்ள கறுப்பு விதை நரம்பை நீக்கி மசித்த ஏத்தம்பழம், நன்கு பழுத்த பப்பாளி ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். ஒவ்வொன்றாக என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான்கு காய்களைக் குக்கரில் போட்டு, மிக்சியில் ஒரே சுற்றாக அரைத்துக் கொடுத்தால் வயிறு நிரம்புமே தவிர, எந்தக் காயின் சுவையும் பிள்ளைக்குத் தனியே அறிமுகமாவதில்லை. பின்னாளில் அதே பூசணித் துண்டு தட்டில் முழுதாகக் கிடக்கும்போது அது முன்பின் தெரியாத பொருளாகிவிடுகிறது. புதிய உணவைத் தனியாகக் கொடுத்து இரண்டு மூன்று நாள் கவனித்தால், ஏதாவது ஒவ்வாமல் போனாலும் எது என்று கண்டுபிடிப்பது எளிது.

ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் இதில் அடக்கம். நம் ஊர்க் கருப்பட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இனிப்பை இனிப்பாகவே நாக்கு அறியும். தேன் ஒரு வயதுக்குள் அறவே கூடாது. குழந்தைகளின் குடலில் நச்சை உண்டாக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும் என்பதால், நாக்கில் தொட்டு வைப்பதைக்கூடத் தவிர்க்க வேண்டும்.

எட்டாம், ஒன்பதாம் மாதத்தில் குழைவைக் குறைத்து, கரண்டியின் முதுகால் அரைகுறையாக நசுக்கிய காயைக் கொடுக்கத் தொடங்குங்கள். பல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஈறால் நசுக்கும் அளவுக்கு வெந்திருந்தால் போதும். மசியலிலேயே ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகள், கட்டி கட்டியான உணவை ஏற்கப் பிறகு கூடுதலாகச் சிரமப்படுவதைப் பார்க்கிறோம்.

தொண்டையில் அடைக்கும் ஆபத்தை இங்கேயே சொல்லியாக வேண்டும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வகிர்ந்துதான் கொடுக்க வேண்டும். பச்சைக் கேரட்டைத் துருவியோ வேகவைத்தோ கொடுக்க வேண்டும். ஐந்து வயது வரை முழு வேர்க்கடலையைத் தவிர்க்க வேண்டும். குற்றாலச் சீசனில் வாங்கி வருகிற ரம்புட்டானில் சதை விதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே வாயில் போட்டால் விதையோடு வழுக்கி உள்ளே போய்விடும். ஆகையால் சதையைக் கத்தியால் சீவி எடுத்துக் கொடுங்கள். நுங்கும் அவ்வாறே வழுக்கும் பொருள். மேல்தோலை உரித்து, விரலால் பிசைந்து கொடுப்பதே சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓடி வாயில் திணிப்பதைவிட ஆபத்தான ஊட்டல் வேறில்லை. உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: பசிக்கு இடம் விடுவது

காயை மறுக்கும் பிள்ளைகளில் பலர் காயை மறுக்கவில்லை. பசியே இல்லாமல் இருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் பால், பதினோரு மணிக்குப் பிஸ்கட், மதியம் சோறு இறங்கவில்லை என்பதற்காக இன்னொரு டம்ளர் பால், மாலையில் காராச்சேவு, இரவில் தூங்கும் முன் மறுபடியும் பால் என்று ஒரு நாள் ஓடினால், அந்த வயிற்றில் கத்தரிக்காய்க்கு இடமேது? ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் பாலுக்கு மேல் வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் உணவின் மீதுள்ள நாட்டம் குறைவதோடு இரும்புச்சத்துக் குறைவுக்கும் அது வழிவகுக்கும்.

எனவே முதலில் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு சிறு தின்பண்ட வேளை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை அல்லது மூன்று மணி நேரம், அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். பெரியவர்களின் டீயைப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். உணவோடு குடிக்கிற டீ, அந்த உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். தின்பண்ட வேளையைப் பழத்துக்கும் அவித்த கிழங்குக்கும் உரியதாக்கிவிட்டால் நாள் கணக்கில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். மிக்சரும் அல்வாவும் வீட்டில் இருக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். திருநெல்வேலியில் இருந்துகொண்டு அது நடக்கிற காரியமும் இல்லை. பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் தட்டில் கொய்யாவும் வாழைப்பழமும் இருக்கட்டும், மற்றவை டப்பாவுக்குள் மேல்தட்டில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: மறுப்பை எதிர்கொள்வது

ஏறத்தாழ இரண்டு வயதில் தொடங்கி ஐந்தாறு வயது வரை, அறியாத உணவைக் கண்டு ஒதுங்குவது பெரும்பாலான பிள்ளைகளின் இயல்பு. நடக்கவும் தானாக எடுத்துத் தின்னவும் கற்ற வயதில், தெரியாததைத் தின்னாமல் இருக்கும் அந்த எச்சரிக்கை ஒரு காலத்தில் பிள்ளைகளைக் காத்திருக்கக்கூடும். கசப்பைப் பெரியவர்களைவிடச் சிறுவர்கள் கூடுதலாக உணர்கிறார்கள் என்பதும் உண்மை. ஆகவே பாகற்காயைத் துப்புகிற பிள்ளை அடம் பிடிக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஒரு புதிய காயை ஏற்கப் பிள்ளைக்கு எட்டு முதல் பதினைந்து தடவை வரை அதைப் பார்க்கவும் தொடவும் சுவைக்கவும் வாய்ப்புத் தேவைப்படலாம். நம்மில் பெரும்பாலோர் மூன்றாவது தடவையோடு “இவனுக்குப் பீட்ரூட் பிடிக்காது” என்று தீர்ப்பெழுதி, அதை அவன் காதுபடவே அண்டை வீட்டாரிடமும் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லைப் பிள்ளை பிடித்துக்கொள்கிறது. பிடிக்காது என்று சொல்வதற்குப் பதிலாக “இன்னும் பழகவில்லை” என்று சொல்லிப் பழகுங்கள்.

செய்ய வேண்டிய முறை இதுதான். பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றையும் புதிய காயையும் ஒரே தட்டில் வையுங்கள். பருப்புச் சோறு பிடிக்கும் என்றால் பருப்புச் சோறு, பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெட்டி வேகவைத்த இரண்டே இரண்டு பீன்ஸ். எதையும் சொல்லாமல், உங்கள் தட்டிலும் அதையே வைத்துக்கொண்டு நீங்கள் சாப்பிடுங்கள். பிள்ளை அதைக் கையில் எடுத்துப் பார்க்கும், முகரும், நுனி நாக்கால் தொட்டுவிட்டுத் தட்டின் ஓரத்தில் கொண்டுபோய் வைக்கும். முருங்கைக்கீரையாக இருந்தால் நாக்கை வெளியே நீட்டி, இரண்டு விரலால் அந்த ஒற்றை இலையை மட்டும் பொறுமையாக எடுத்துத் தரையில் ஒட்டும். பார்க்கிற நமக்குப் பொறுமை போகும். ஆனால் அந்த இலை வாய்க்குள் போய் வந்துவிட்டது. அன்றைக்கு அது போதும். திட்டாமல், புகழவும் செய்யாமல் தட்டை எடுத்துவிடுங்கள். நான்கு நாள் கழித்து அதே காயை மறுபடி வையுங்கள்.

செய்யக்கூடாதவை இரண்டு. “காயைத் தின்னால் அல்வா தருவேன்” என்பது முதலாவது. இந்தப் பேரத்தில் அல்வா பரிசாகவும், காய் அதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய தண்டனையாகவும் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும். அன்றைய கவளம் இறங்கும். அந்தக் காயின் மீதான வெறுப்பு ஒரு படி ஏறும். இரண்டாவது, கைப்பேசியில் படம் ஓடவிட்டு, பிள்ளை கவனிக்காத நேரம் பார்த்து வாய்க்குள் தள்ளுவது. என்ன தின்கிறோம் என்றே தெரியாமல் தின்கிற பிள்ளைக்கு அந்தக் காய் எத்தனை முறை கொடுத்தாலும் அறிமுகமாவதில்லை. தன் வயிறு நிறைந்ததை உணரும் பழக்கமும் கெடுகிறது.

இங்கே ஆச்சிமாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. “ஏட்டி, ஒரே ஒரு வாய் வாங்கிக்கோ, எங்கண்ணுல்லா” என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு காக்கையும் நிலாவும் காட்டி ஊட்டுகிற அன்பை யாரும் குறைசொல்ல முடியாது. அவர்களோடு வாதம் செய்வதைவிட, அவர்களிடமே ஒரு வேலையை ஒப்படைப்பது நல்லது. “அத்தை, நீங்க பிள்ளைகூட உக்காந்து சாப்பிடுங்க, நீங்க திங்கிறதைப் பாத்து அவளும் எடுப்பா” என்று கேட்டுப் பாருங்கள். பேத்தி பார்த்துக்கொண்டிருக்க, ஆச்சி அவியலில் கிடக்கும் முருங்கைக்காயை வகிர்ந்து, சதையை வழித்து ரசித்து உண்பதைவிடச் சிறந்த பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அப்பா தட்டில் காயை ஒதுக்கி வைக்கிற வீட்டில் பிள்ளை மட்டும் காய் தின்ன வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

நான்காம் படி: நம் அடுப்பைப் பயன்படுத்துவது

காயைப் பிள்ளைக்கு ஏற்றதாக்குவதற்கு வெளியூர்ச் சமையல் குறிப்புகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்தில் பரிமாறுகிற சொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, முருங்கைக்காய் ஆகியவற்றை இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, வெந்து மசித்த பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கி, ஆறியதும் எலுமிச்சைச் சாறு பிழிகிறோம். தேங்காய்ப்பாலின் இனிப்பு காயின் கசப்பையும் பச்சை வாடையையும் அடக்குகிறது. அதன் கொழுப்பு, கேரட்டில் உள்ள, வைட்டமின் ஏ சத்தாக மாறும் பொருளை உடல் ஏற்க உதவுகிறது. எலுமிச்சை, பருப்பிலும் காயிலும் உள்ள இரும்புச்சத்தை உறிஞ்சத் துணை செய்கிறது. பிள்ளைக்காக மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. இஞ்சியையும் பச்சை மிளகாயையும் அரைத்து ஊற்றும் முன்பே ஒரு கிண்ணம் தனியே எடுத்துவிடுங்கள், அல்லது மிளகாயைக் கீறி மட்டும் போட்டுப் பிறகு எடுத்துவிடுங்கள். காய்களைப் பிள்ளை விரலால் பிடிக்கும் அளவுக்கு நறுக்குங்கள்.

கூட்டாஞ்சோறு இன்னும் எளிது. அரிசியும் துவரம்பருப்பும் கத்தரிக்காயும் வாழைக்காயும் சீனியவரைக்காயும் முருங்கைக்கீரையும் ஒன்றாக வெந்து, அரைத்த தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் சேரும்போது, காயைத் தனியே பிரித்தெடுக்க முடியாதபடி அது சோற்றோடு கலந்துவிடுகிறது. ஆனால் கூட்டாஞ்சோற்றை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். காயை மறைத்து ஊட்டுவது சத்துக்கு உதவும்; பழக்கத்துக்கு உதவாது. ஒரு வேளை கலந்து கொடுத்தால் அடுத்த வேளை அதே காயைக் கண்ணுக்குத் தெரியும்படி தனியே வைக்க வேண்டும்.

உளுந்தம்பருப்புச் சோறு செய்கிற நாளில் தொட்டுக்கொள்ள அவியல் தவறாமல் இருக்கட்டும். தடியங்காய், புடலங்காய் போன்ற நீர்க்காய்களைப் பாசிப்பருப்போடு கூட்டாக வைத்தால் மென்மையாக இருக்கும். முருங்கைக்கீரையை உருவும்போது சிறு காம்புகளையும் நீக்கிவிடுங்கள். பிள்ளைகள் துப்புவது பெரும்பாலும் அந்தக் காம்பைத்தான். வெண்டைக்காயின் வழவழப்பு பிடிக்காத பிள்ளைக்கு, அதை நன்கு துடைத்து ஈரமில்லாமல் வெட்டி, எண்ணெயில் நிதானமாக வதக்கி முறுகலாகக் கொடுங்கள். பாகற்காயை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம். மற்ற காய்கள் எல்லாம் பழகிய பிறகு, புளியும் சிறிது கருப்பட்டியும் சேர்த்த குழம்பில் ஒரு துண்டு போதும். சேனைக்கிழங்கைப் புளித்தண்ணீரில் நன்றாக வேகவைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒருமுறை நாக்கு அரித்துவிட்டால் எல்லாக் கிழங்கையும் மறுத்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: கையைப் பழக்கினால் வாய் பழகும்

மூன்று வயதுக்கு மேல் பிள்ளையைக் காய் வாங்கும்போது கூட்டிச் செல்லுங்கள். பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையோ, பாவூர்சத்திரம் சந்தையோ, தெருமுனைக் கடையோ, எதுவானாலும் சரி. “இன்றைக்கு ஒரு காயை நீ எடு” என்று விடுங்கள். அது ஒரு கத்தரிக்காயை எடுத்தால் அதைத்தான் அன்றைக்குச் சமைக்க வேண்டும். எடுக்கச் சொல்லிவிட்டு வேறொன்றைச் சமைக்கக்கூடாது.

வீட்டில் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலைகள் பல உண்டு. பட்டாணி உரிக்கலாம், முருங்கைக்கீரை உருவலாம், தக்காளி கழுவலாம். மார்கழி, தை மாதங்களில் சிறுகிழங்கு வரும்போது அதைத் தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள். மண்ணும் தோலும் கழன்று வெள்ளைக் கிழங்கு வெளிவருவதைக் கண்டு அவர்கள் படும் மகிழ்ச்சியே அதைத் தின்னும் ஆசையைக் கிளப்பிவிடும். பொங்கலன்று கிழங்கு வகைகளும் காய்களும் அடுப்பைச் சுற்றி நிறைந்திருக்கும். ஆண்டில் வேறெந்த நாளிலும் இத்தனை காய்களை ஒருசேரப் பார்க்க முடியாது. தை மாதத்தில் சிறுமியர் சிறுவீட்டுப் பொங்கல் வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அந்தச் சின்ன அடுப்பில் பிள்ளைகள் தாங்களே ஒரு காயும் சமைக்கட்டும். மாடியிலோ வாசலிலோ ஒரு தொட்டியில் தண்டங்கீரை விதை தூவினால் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம்; தான் தண்ணீர் ஊற்றி வளர்த்த கீரையைத் தின்னமாட்டேன் என்று சொல்கிற பிள்ளை குறைவு.

ஆறாம் படி: பருவத்தோடு பழம்

விலை உயர்ந்த வெளிநாட்டு ஆப்பிள்தான் சத்து என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. காய்ச்சல்காரரைப் பார்க்கப் போனாலும் ஆப்பிள்தான் வாங்குகிறோம். கொய்யாவில் ஆப்பிளைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. பப்பாளியிலும் மாம்பழத்திலும் வைட்டமின் ஏ சத்தாக மாறும் பொருள் நிறைந்திருக்கிறது. நாட்டுப்பழம், கோழிக்கூடு, செவ்வாழை, கற்பூரவல்லி, ஏத்தன் என்று வாழையிலேயே வாரம் ஒன்றாக மாற்றிக் கொடுக்கலாம். பங்குனி, சித்திரையில் மாம்பழமும் நுங்கும், சாரல் காலத்தில் குற்றாலம் பக்கத்திலிருந்து மங்குஸ்தானும் பலாவும், தை மாதத்தில் பனங்கிழங்கும் என்று அந்தந்தப் பருவத்தில் விளைவதை வாங்கினால் விலையும் குறைவு, சுவையும் கூடுதல். பனங்கிழங்கின் நடுக்குருத்தையும் நாரையும் நீக்கி, சிறு துண்டாக ஒடித்துக் கொடுங்கள்.

பழத்தைப் பழமாகவே கொடுங்கள். சாறாகப் பிழியும்போது நார் போய்விடுகிறது. இரண்டு மூன்று பழத்தின் இனிப்பு ஒரு டம்ளரில் இறங்கிவிடுகிறது. ஒரு வயதுக்குள் பழச்சாறு வேண்டாம். மூன்று வயது வரை கொடுத்தாலும் நாளைக்கு 120 மில்லிக்கு மேல் போக வேண்டாம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு

அங்கன்வாடியிலும் பள்ளிச் சத்துணவிலும் காலை உணவுத் திட்டத்திலும் காய் சேர்ந்த சாம்பார் கிடைக்கிறது. வீட்டில் மறுக்கும் காயைப் பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தின்கிற பிள்ளைகள் உண்டு. ஆகையால் அங்கே என்ன சாப்பிட்டது என்று கேட்டறிந்து அதே காயை வீட்டிலும் வையுங்கள். தின்பண்ட டப்பாவில் வெட்டினால் கறுத்துப்போகும் பழங்களைத் தவிர்த்து, முழு வாழைப்பழம், உரித்த ஆரஞ்சுச் சுளை, வெள்ளரித் துண்டு, அவித்த சீனிக்கிழங்கு ஆகியவற்றை வைக்கலாம்.

மருத்துவரிடம் எப்போது போவது

ஒரு வாரம் சரியாகச் சாப்பிட்டு மறுவாரம் குறைவாகச் சாப்பிடுவது இயல்பு. ஒரு வேளையை வைத்து முடிவு செய்யாமல் ஒரு வாரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் உள்ள நாட்களில் புதிய காய் எதையும் தொடங்க வேண்டாம். தேறிய பிறகு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். ஆனால் எடை மாதக்கணக்கில் ஏறாமல் நின்றாலோ, உள்ளங்கையும் கண்ணின் உள்இமையும் வெளுத்திருந்தாலோ, பிள்ளை மண்ணையும் சாம்பலையும் சுண்ணாம்பையும் தேடித் தின்றாலோ, கட்டியான உணவு எதைக் கொடுத்தாலும் குமட்டினாலோ, உண்ணும் உணவு வகைகள் நாளுக்கு நாள் சுருங்கி விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டாலோ, அதை அடம் என்று எண்ணி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்துவைக்கும் அட்டையையும், கடந்த ஒரு வாரத்தில் பிள்ளை உண்டவற்றை எழுதிய ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ செல்லுங்கள். அந்த இரண்டும் கையில் இருந்தால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு நினைவை நம்பாமல் பதில் சொல்லலாம்.